குதிரையைக் கட்டாதவன்

ஜூன் 14, வெள்ளி

செண்பகம் காலை ஏழரை மணி பஸ்ஸில் கோயம்புத்தூர் போனாள். அவள் தங்கை ஆவுடைக்கு மூட்டு மாற்று அறுவை. பத்து நாளில் திரும்பிவிடுவாள்.

வழக்கமாக நானும் கூடப் போவேன். ஆவுடை வீட்டு கேட் வரைக்கும் பெட்டியைக் கொண்டுபோய் வைத்து, நின்றபடியே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் சிவகாசிக்குத் திரும்புவேன். எப்போதும் ஏதாவது கூட்டம் இருக்கும், அல்லது விடைத்தாள் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றியதில்லை. ஆவுடை மரியாதைக்கு “உள்ள வாங்கத்தான்” என்பாள். செண்பகம் ஒன்றும் சொல்லமாட்டாள்.

இந்த முறை கூட வரவேண்டாம் என்றாள். பெட்டி சின்னதுதானாம்.

சென்ற ஞாயிறு சரவெடி காமிக்ஸ் முப்பதாம் ஆண்டு விழாவில் நான் ஆற்றிய சிறப்புரை நல்ல வரவேற்பைப் பெற்றது. இதற்கும் அவள் பயணத்துக்கும் தொடர்பில்லை. ஒரு பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று துண்டுச் சீட்டுகள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். “செவ்வாய் தண்ணி வரும். தொட்டி மூடியைத் திற.” “மாத்திரை வெள்ளை காலை. சிவப்பு ராத்திரி.” “மாவு புளிச்சா தோசை.” மூன்றும் பச்சை மையில். நான் ஓய்வு பெறும்போது கல்லூரி முதல்வர் எனக்கு எழுதிய வாழ்த்து மடல் நாலு பக்கம். அதில் இவ்வளவு செய்தி இல்லை.

மாவு புளித்துவிட்டது. தோசை.

ஜூன் 24, திங்கள்

பத்து நாள் ஆயிற்று. போன் செய்தேன்.

சாப்பிட்டீகளா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். மூட்டு எப்படி என்று கேட்டேன். பரவாயில்லையாம். எப்போது வருகிறாய் என்றேன்.

“பாப்போம்.”

பிறகு நான் நகராட்சித் தண்ணீரைப் பற்றியும், எதிர்வீட்டில் மாடி எடுப்பதைப் பற்றியும், ஆங்கில மருத்துவத்தில் எலும்பு குறித்த கருத்தாக்கம் பற்றியும் சுமார் இருபது நிமிடம் பேசினேன். முடித்தபோது மறுமுனையில் ஆவுடை இருந்தாள். அக்கா துணி எடுக்க மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகிறதாம். “நீங்க பேசுங்கத்தான், நான் கேக்கேன்” என்றாள் பாவம், படுத்துக் கிடப்பவள்.

ஜூன் 28, வெள்ளி

சரவெடி தர்மராஜ் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிலும் டக்-இன் செய்து வருகிற பதிப்பாளர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

இங்கே ஒரு விளக்கம். என் மனைவி முப்பது ஆண்டுகளாக இவருடைய காமிக்ஸ் ஒன்றைத் தமிழாக்கி வருகிறாள். அதன் நாயகன் ‘புழுதிப்புயல்’ டோரன். இத்தாலியில் பிறந்து, ஆங்கிலத்தில் வளர்ந்து, சிவகாசியில் குடியேறிய குதிரைவீரன். தமிழ்நாட்டில் அவனுக்கு ரசிகர் மன்றங்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த எந்தப் பேராசிரியருக்கும் இல்லை. இதுவரை அறுபத்திரண்டு புத்தகங்கள். நான் ஒன்றுகூடப் படித்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. விழாவில்தான் பெருமையாகச் சொன்னேன்.

அறுபத்து மூன்றாவது, கடைசிப் புத்தகம். அதை வரைந்து வந்த கிழவர் கதையை முடித்துவிட்டார். தொண்ணூற்றாறு பக்கத்தில் அறுபது வரைக்கும் செண்பகம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். விழாவுக்கு அப்புறம் ஒரு வரிகூட வரவில்லை.

“அக்கா முப்பது வருசத்துல ஒருநா தாமதம் பண்ணதில்ல சார். போன் பண்ணா ‘பாப்போம் தம்பி’ங்காக. ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்டுட்டா எம் மெஷினெல்லாம் காலண்டருக்குப் போயிரும். அப்புறம் பொங்கல் வரைக்கும் டோரனத் திரும்பிப் பாக்க முடியாது. வாசகர்கள் கொன்னே போட்ருவாங்க.”

இது உண்மை. ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் மாதிரிகளுக்குப் பூசை போட்டுவிட்டால் இந்த ஊர் இயந்திரங்கள் சாமி படங்களைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காது.

எனவே, மீதி முப்பத்தாறு பக்கத்தை நான் முடித்துத் தரவேண்டும் என்கிறார். நான் யாப்பிலக்கணத்தில் முனைவர் பட்டம் பெற்றவன் என்பதை நினைவூட்டினேன். “அதனாலென்ன சார், நாங்க எதுவும் நெனச்சுக்க மாட்டோம்” என்றார்.

ஒப்புக்கொண்டேன். செண்பகத்துக்கு ஒரு சுமை குறையும். திரும்பி வருவதற்கு ஏதேனும் தடையாக இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ஜூலை 1, திங்கள்

பத்துப் பக்கம் முடித்தேன். இரண்டரை மணி நேரம். கடினமான வேலை என்று ஏன் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. கொள்ளைக்காரர்களிடம் டோரன் ஆயுதத்தைப் போடச் சொல்லும் இடம் நன்றாக வந்திருக்கிறது: “அறம் பிறழ்ந்தோரே! நும் படைக்கலன்கள் யாவற்றையும் இந்நிலத்தே இட்டு அகல்வீராக!”

ஜூலை 3, புதன்

பத்துப் பக்கமும் திரும்பி வந்துவிட்டன. கொண்டுவந்தவர் முருகேஸ்வரி. சரவெடியில் இருபத்தைந்து வருடமாக எழுத்து பதிப்பவர்; முன்பு கையால் எழுதினார், இப்போது கணினியில். கதாபாத்திரங்கள் பேசும் வெள்ளை வட்டத்தை இவர்கள் பலூன் என்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் தன் மொழிக்கு ஏற்ற அளவில் அதை வரைந்துவிட்டான். தமிழ்ச் சொல் நீளம். பலூனைப் பெரிதாக்கினால் படம் மறையும், எழுத்தைச் சிறிதாக்கினால் கண் போகும். ஆகவே பலூனுக்கு இத்தனை எழுத்து என்று எண்ணித்தான் எழுதவேண்டுமாம்.

“சார், இந்த ஆளு இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் மூணு தடவ சுட்டுருவான்” என்றார் முருகேஸ்வரி.

செவ்வியல் மொழியின் கம்பீரத்தைப் பற்றிச் சற்று விளக்கினேன்.

“அதெல்லாம் சரி சார். பலூன் வெடிச்சிரும்ல?” என்றவர், போகும்போது வாசலில் நின்று, “டோரன் அப்பிடிப் பேசமாட்டான் சார். பழசெல்லாம் அக்கா பீரோவுலதான் இருக்கும், ஒருதடவ படிச்சுப் பாருங்க” என்றார்.

யார் எப்படித் தமிழ் பேசுவார்கள் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஜூலை 6, சனி

செவ்வாய்க்கிழமைத் தண்ணீரைத் தவறவிட்டேன். தொட்டி மூடியைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக் கட்டட வேலைக்காரர்களிடம் இரண்டு குடம் வாங்கினேன்.

செண்பகத்தின் இரும்பு பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில் அவள் விட்டுப்போன மூன்று சேலைகள். மூன்றும் நான் எடுத்தவை அல்ல. கீழ் இரண்டு தட்டிலும் டோரன். ஒவ்வொரு புத்தகத்தோடும் அதன் ஆங்கிலப் பிரதியும், அவள் எழுதிய நாற்பது பக்க நோட்டும் நூலால் கட்டி வைத்திருக்கிறாள். இந்த பீரோ என் படிப்பு மேசையிலிருந்து ஆறு அடி தூரத்தில் இருக்கிறது.

வேலைக்காக இரண்டு மட்டும் படித்தேன். கதை என்று ஒன்றுமில்லை. ஒருவன் வருகிறான், நியாயம் செய்கிறான், போகிறான்.

ஜூலை 7, ஞாயிறு

ஒன்பது படித்தேன். வேலைக்காக.

ஜூலை 9, செவ்வாய்

தொட்டி மூடியைத் திறந்தேன். தண்ணீர் பிடித்தேன். பதினேழாவது புத்தகம்.

டோரன் அதிகம் பேசுவதில்லை. கொள்ளைத் தலைவன் “யாரடா நீ?” என்று கத்துகிறான். “வழிப்போக்கன்” என்கிறான். அவ்வளவுதான். ஊரைக் காப்பாற்றிய பிறகு மேயர் விருந்துக்கு அழைக்கிறார். “குதிரைக்குக் கொள்ளு போதும்.” இதைப் படித்ததும் அந்த மேயரின் முகத்தை நான் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் அல்ல, டோரன் முகம். விருந்து வேண்டும் என்று ஆசைப்படுகிற முகம். ஆனால் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை.

பாலைத்திணை பற்றி முப்பது ஆண்டு வகுப்பெடுத்திருக்கிறேன். சொல்லாமல் விடுவதன் அழகு பற்றி ஒரு முழுப் பருவம் பேசியிருக்கிறேன். பேசித்தான் இருக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று ஆங்கிலப் பிரதியை வைத்து ஒப்பிட்டேன். ஓர் ஆய்வாளன் செய்யவேண்டிய முதல் வேலை இது. நான் முப்பத்தோராவது புத்தகத்தில் செய்கிறேன்.

டோரன் ஒரு வாயாடி.

“யாரடா நீ?” என்பதற்கு ஆங்கிலத்தில் அவன் ஒன்பது வரி சொல்கிறான். அப்பா பெயர், பிறந்த ஊர், நீதி பற்றிய கருத்து, தன் துப்பாக்கியின் வரலாறு. மேயரின் விருந்தை மறுக்க ஒரு சொற்பொழிவு. அதில் இரண்டு மேற்கோள். ஒருவனைச் சுடுவதற்கு முன்பும் பேசுகிறான், சுட்ட பிறகு செத்தவனிடமும் பேசுகிறான். அவன் சொந்த நாட்டில் அவனை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. நல்லவன்தான், தைரியசாலிதான், ஆனால் எதிரில் இருப்பவர் வாய் திறப்பதற்கு ஒரு படம்கூட விடமாட்டான்.

பலூனில் இடமில்லாததால் செண்பகம் அவன் பேச்சைக் குறைத்திருக்கிறாள். முதலில் இடமில்லாமல்தான். நோட்டுகளைப் பார்த்தால் தெரிகிறது: ஓரத்தில் எழுத்து எண்ணிக்கை, அடித்தல், மறுபடி அடித்தல். ஐந்தாவது புத்தகத்துக்குப் பிறகு இடம் இருக்கும்போதும் குறைக்கிறாள். பேச்சு போகப் போக, இதுவரை பலூன் மறைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வெளியே தெரிகிறது. அவன் கை. அவன் பார்க்கும் திசை. தமிழ்நாட்டில் லாரி ஓட்டுநர் முதல் தாசில்தார் வரை உருகுகிற அந்த மௌன வீரன் இத்தாலியில் பிறக்கவில்லை. இந்த வீட்டில், என் மேசைக்கு ஆறடி தூரத்தில், நான் அடுத்த அறையில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்திருக்கிறான்.

அப்படிப்பட்ட வாயாடி யாரையும் எனக்கு நேரில் தெரியாது.

ஜூலை 16, செவ்வாய்

முப்பத்தேழாவது புத்தகம். டோரன் தன் நண்பனைப் புதைக்கிறான். ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் பிரார்த்தனை. தமிழில் மூன்று சொல்:

“மண் இன்னும் ஈரம்.”

நோட்டில் தேதி போட்டிருக்கிறாள். அவள் அம்மா இறந்து இரண்டு மாதம் கழித்து. அம்மா இறந்த சமயம் நான் மலேசியாவில் ஒரு மாநாட்டில் இருந்தேன். நான்காம் நாள்தான் வரமுடிந்தது. என் கட்டுரை அங்கே மிகவும் பாராட்டப்பட்டது. வந்து அதைப் பற்றி அவளிடம் விரிவாகச் சொன்ன நினைவு இருக்கிறது. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தண்ணீர் பிடித்தேன்.

ஜூலை 19, வெள்ளி

நோட்டுக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு வாசகர் கடிதம். அருப்புக்கோட்டையிலிருந்து ராஜகனி என்ற பெண். மருந்துக்கடை வைத்திருக்கிறாராம்.

கதையில் மார்த்தா என்று ஒருத்தி வருகிறாள். பாலைநிலத்தின் நடுவே கிணறு இருக்கிற ஒரே வீடு அவளுடையது. ஐந்தாறு புத்தகத்துக்கு ஒருமுறை டோரன் அந்த வழியாகப் போவான், தண்ணீர் கேட்பான், குடிப்பான், போய்விடுவான். நானும் படித்தேன். கதைக்குத் தேவையில்லாத பக்கங்கள் என்று குறித்து வைத்திருந்தேன். ராஜகனி கேட்கிறார்:

“மற்ற எல்லா ஊரிலும் டோரன் இறங்கியதும் குதிரையைக் கட்டுகிறான். மார்த்தா வீட்டு வாசலில் மட்டும் ஒரு கையில் டம்ளர், மறு கையில் கடிவாளம். ஏன் அங்கே மட்டும் குதிரையைக் கட்டவே மாட்டேன் என்கிறான்?”

பதினொரு இடங்களையும் எடுத்துப் பார்த்தேன். உண்மை. பதினொன்றிலும் கடிவாளம் கையில். போகிற அவசரத்தில் நிற்பவன் மாதிரி நிற்கிறான். ஆனால் கண் வீட்டுக்குள் பார்க்கிறது.

கடிதத்தின் பின்பக்கத்தில் செண்பகம் பதில் எழுதிப் பார்த்திருக்கிறாள். அச்சான பதில் எனக்குத் தெரியாது. இது பச்சை மையில்:

“கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மார்த்தாவும் பேசாதவள்.”

ஜூலை 20, சனி

ஒன்றும் எழுதுவதற்கில்லை. இரண்டு வேளை தோசை.

ஜூலை 21, ஞாயிறு

கடைசிப் புத்தகத்தின் நோட்டைச் சரியாகப் பார்க்காமலே வைத்திருந்தேன். கதையின் அறுபதாம் பக்கத்து வரிகள் முடியும் இடத்தில் மடித்த ஒரு தாள் இருந்தது. விழா அழைப்பிதழின் பின்புறம். பொடிப்பொடியாக எழுதிய எழுத்து, ஓரத்தில் எண்ணிக்கை.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசத் தெரியாது. டோரனுக்கும் தெரியாது. முப்பது வருசமா அதப் பொறுத்துக்கிட்ட உங்களுக்கு நன்றி.”

அதற்குக் கீழே ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. அடித்தாலும் படிக்கமுடிகிறது: “எங்க வீட்டுலயும் ஒருத்தர் படிச்சா நல்லாருக்கும்.”

விழா நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். சிறப்புரை பத்து நிமிடம். ஏற்புரை, திருமதி செண்பகவல்லி, ஐந்து நிமிடம். நான் ஐம்பது நிமிடம் பேசினேன்.

உரையின் சாரத்தையும் பதிவு செய்துவிடலாம். படம் பார்த்துப் படிப்பவர்கள் உதட்டை அசைக்காமல் படிக்க இயலாது என்றேன். சிரிப்பு. என் துணைவியார் தமிழுக்கு அளித்த கொடை மூன்று சொற்கள்: டுமீல், டமால், ஆ என்றேன். பலத்த சிரிப்பு, கைதட்டல். தர்மராஜ் சிரிக்கவில்லை. முருகேஸ்வரி சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் செண்பகம் சிரித்தாள். அதைப் பார்த்துத்தான் நான் மேலும் இரண்டு சொன்னேன்.

பிறகு ஏற்புரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தபடியே வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளுக்குக் கூச்சம் என்று நான்தான் மைக்கில் விளக்கினேன். அவளுக்கான பொன்னாடையை நான்தான் வாங்கிக்கொண்டேன். உறை பிரிக்காமல் என் மேசைமேல் இருக்கிறது. நல்ல பச்சை.

ஆவுடைக்கு மூட்டு வலி இருப்பது உண்மை. அவளைப் பார்த்துக்கொள்ள மகளும் மருமகனும் அதே வீட்டில் இருப்பதும் உண்மை.

ஜூலை 22, திங்கள்

போன் செய்தேன். சாப்பிட்டேன் என்றேன். மூட்டு பரவாயில்லை என்றாள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை.

நெடுநேரம் அவளும் வைக்கவில்லை. பின்னால் ஒரு பிரஷர் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

“தண்ணி பிடிச்சீகளா?”

“நாளைக்குத்தான்.”

“சரி.”

ஜூலை 25, வியாழன்

அறுபத்தொன்று முதல் தொண்ணூற்று நான்கு வரை முடித்தேன். ஒன்பது நாள். முதல்முறை இரண்டரை மணி நேரத்தில் பத்துப் பக்கம் எழுதியவன். எழுத்து எண்ணுகிறேன், அடிக்கிறேன். ‘நும் படைக்கலன்கள்’ இருந்த இடத்தில் இப்போது “கீழே போடு” இருக்கிறது. முருகேஸ்வரி வாங்கிப் பார்த்தார். ஒன்றும் கேலி செய்யவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

ஜூலை 27, சனி

தொண்ணூற்றைந்தாம் பக்கம். இதுதான் மீதி; தொண்ணூற்றாறில் வெறும் பாலைநிலம், பேச்சில்லை.

டோரனுக்கு முடி நரைத்துவிட்டது. மார்த்தாவுக்கும். அவன் கிணற்று வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், கடிவாளம் கையில். அவள் கதவருகே நிற்கிறாள். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் அவன் பேசுகிறான், பேசுகிறான், அப்படிப் பேசுகிறான். எழுபத்தொரு சொல். தான் கடந்த ஊர்கள், தன் தவறுகள், தனிமை குறித்து ஓர் உவமை, மன்னிப்பு குறித்து இரண்டு. மன்னிப்புக் கேட்கும்போதும் மேடையில் நிற்கிறவன் போலத்தான் கேட்கிறான். பலூன் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அவன் எடுத்துக்கொண்டது போக மூலையில் மார்த்தாவுக்கு ஒரு சின்னஞ்சிறு பலூன். ஆங்கிலத்தில் அதில் இருப்பது ஒரு “ஓ!” மட்டும். எட்டு எழுத்துக்கு மேல் அதில் கொள்ளாது என்று முருகேஸ்வரி சொல்லியிருக்கிறார்.

இந்தப் பக்கத்தின்முன் நிறுத்திவிட்டுத்தான் செண்பகம் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கணக்குப் பார்த்தால் அவள் நிறுத்தியது முப்பத்தைந்து பக்கம் முன்னால். எல்லாவற்றிலும் எனக்கொரு பங்கு இருப்பதாக நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

முதல் வரைவு முப்பது சொல். மோசமில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பதினான்கு சொல். ஒன்பது. ஆறு.

“பல காலம் வந்தேன், தண்ணீர் கேட்டு.” இது அழகாக இருக்கிறது, அழகாக இருப்பதால் அடித்துவிட்டேன். அவள் நோட்டில் இதைத்தான் கவனித்தேன். நன்றாக வந்த வரியைத்தான் முதலில் அடிக்கிறாள்.

ஜூலை 29, திங்கள்

டோரனின் பலூனில் எழுதினேன்:

“தாகமில்லை, மார்த்தா.”

மார்த்தாவின் பலூனுக்கு ஒன்றும் வரவில்லை. “ஓ!” என்று எழுதிப் பார்த்தேன். அப்படி மூச்சுவிடுகிறவளாக அவள் எனக்குத் தோன்றவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள், அதாவது பதினொரு இடங்களில், பார்த்தும் தெரியவில்லை. வெறுமையாக விட்டேன்.

முருகேஸ்வரியிடம் கொடுத்தேன்.

“இவ்ளோ பெரிய பலூன்ல ஒத்த வரியா சார்? வெள்ளையாக் கெடக்குமே.”

“கிடக்கட்டும்.”

“இந்தச் சின்னது?”

“அது எனக்குத் தெரியல முருகேஸ்வரி.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் தெரியவில்லை என்று சொல்லி அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. நானே கேட்டதில்லை.

ஜூலை 30, செவ்வாய்

தண்ணீர் பிடித்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மத்தியானம் முருகேஸ்வரி வந்தார். கையில் ஒரு கூரியர் உறை.

விஷயம் இதுதான். முப்பது வருடமாக ஒரு நடைமுறை: செண்பகம் கடைசி அச்சுப்படியைப் பார்க்காமல் டோரன் இயந்திரத்துக்குப் போவதில்லை. அதனால் முருகேஸ்வரி யாரிடமும் கேட்காமல் முப்பத்தாறு பக்கத்தையும் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருக்கிறார். யார் எழுதியது என்று சொல்லவில்லையாம்.

“சொல்லணுமா சார்? மொதப் பக்கத்தப் பாத்தவுடனே போன் பண்ணிட்டாக. ‘ஏட்டி, இவரு எப்ப இருந்து எழுத்து எண்ணுதாரு?’ன்னாக.”

உறையைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டும், மெஷின் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

பேச்சுள்ள பக்கமெல்லாம் பச்சை மை. நான் ஒன்பது நாள் குறைத்ததை மேலும் குறைத்திருக்கிறாள். “கீழே போடு” என்பதில் ‘கீழே’ போய்விட்டது. பின்னே மேலேயா போடுவார்கள் என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாள். மாணவர் விடைத்தாள்களில் முப்பது வருடம் நான் இட்ட சிவப்பு மை எவ்வளவு ஈவிரக்கமற்றதாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. வேகமாகப் புரட்டினேன். முருகேஸ்வரி பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றைந்து.

“தாகமில்லை, மார்த்தா” என்பதில் ‘மார்த்தா’வை அடித்திருக்கிறாள். சரிதான். அங்கே வேறு யார் நிற்கிறார்கள்? மிஞ்சிய ஒரே சொல்லின் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக். எத்தனையோ ஆயிரம் டிக் போட்டிருக்கிறேன். வாங்குவது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மூலையில் நான் வெறுமையாக விட்ட பலூனுக்குள், கோட்டில் படாமல், அளவாக எழுதியிருக்கிறாள்:

“குதிரையைக் கட்டு.”

எண்ணிப் பார்த்தேன். எட்டு எழுத்து. சரியாகக் கொள்கிறது.

முருகேஸ்வரி எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “மெஷினுக்குக் குடுத்துரவா சார்?” என்றார்.

கொடுத்துவிடுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஃப்ரிட்ஜைக் காலி செய்தேன். காஸை அடைத்தேன். தொட்டியை மூடினேன். எதிர்வீட்டுக்காரர்களிடம், செவ்வாய்க்கிழமைத் தண்ணீரை அவர்களே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார்கள்.

பார்ப்போம் என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு. கோயம்புத்தூர்

காலை பஸ். மடியில் பை, பையில் நாலு வேட்டி, வெள்ளை மாத்திரை, சிவப்பு மாத்திரை, உறை பிரிக்காத பொன்னாடை. விருதுநகரிலிருந்து திண்டுக்கல் வரை ஓர் உரையைத் தயாரித்தேன். திண்டுக்கல்லிலிருந்து பல்லடம் வரை அதைக் குறைத்தேன். பல்லடம் தாண்டியபோது ஒன்றும் மிச்சமில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு கேட்டுக்கு வந்தேன். ஆவுடை கைத்தடியோடு நடந்தே வந்து கதவைத் திறந்தாள். மூட்டு உண்மையிலேயே பரவாயில்லை. வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கி முழுவதும் குடித்தேன். கதையில் எப்படியோ, எனக்கு நல்ல தாகம்.

செண்பகம் நிலைப்படியில் நின்றிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

டம்ளரைக் கொடுத்தேன். பையைக் கீழே வைத்தேன். குனிந்து செருப்பின் வாரை அவிழ்க்கப் பார்த்தேன். பஸ்ஸில் கால் வீங்கியிருக்கிறது; கொக்கி விடவில்லை. ஒரு காலில் நின்று சுவரைப் பிடித்தேன். ஆவுடை சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“மெதுவா” என்றாள் செண்பகம்.

இரண்டையும் கழற்றி, ஓரமாக, மற்ற செருப்புகளோடு சேர்த்து வைத்தேன்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. தேங்காய்ச் சாதம் செய்திருக்கிறார்கள். கூப்பிடுகிறாள்.